வீட்டுக்கு வாங்கிய கம்பளி

“வீட்டுக்குத்தாங்க கம்பளி. வீட்டுல குளிரு தாங்கலைன்னு சொல்லிட்டாங்க.”

ஒரு மலையில், மேகம் வந்து படுத்துக்கொள்ளும் உயரத்தில், ஒரு ஆட்டுப்பட்டி இருந்தது. அந்தப் பட்டியின் மூலையில் கிடந்த சாக்குக்குள் அமுங்கியிருந்த, இன்னும் நூலாகாத கம்பளிதான் இந்தப் பேச்சைக் கேட்டது. காத்திருந்து கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் பட்டிக்காரரிடம் பேசிக்கொண்டே நடந்துபோனார். சாக்கிலிருந்த ஓட்டை வழியாக இந்த இரண்டு வாக்கியம் மட்டும் உள்ளே விழுந்தது.

கம்பளிக்குத் திக்கென்றது. அதை ஆட்டின் முதுகிலிருந்து கத்தரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தறிக்காரர்கள் இரண்டு முறை வந்து போனார்கள். மெல்லிசாக இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு, இதை மட்டும் விரலில் உருட்டிப் பார்த்து, “முரடு. சுருள் வேற ஜாஸ்தி. நூலுக்கு நிக்காது” என்று திரும்பப் போட்டார்கள். இந்த வாரம் அதை எருக்குழியில் கொட்டுவதாக இருந்தது.

இப்போது திடீரென்று யாருக்கோ அது வேண்டும் என்கிறார்கள். யாருக்கு?

மேலே ஆணியில் ரோமம் வெட்டும் கத்தரி தொங்கிக்கொண்டிருந்தது. கம்பளி அதைக் கூப்பிட்டது.

“கத்தரியக்கா, வீடுன்னா யாரு?”

“இதென்ன கேள்வி? அந்த ஆளோட சம்சாரம்.”

“வீடுன்னா கல்லு, கூரை அதெல்லாம் இல்லையா?”

“நீ ஆட்டு மேலயே வளந்துட்ட. மனுசங்க பேச்சு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கத்தரி தன் இரண்டு அலகையும் ஒருமுறை தேய்த்துக்கொண்டது. “நானும் எத்தனை வருசமா கேக்குறேன். ‘வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்’பாங்க. செவத்தையா போயிக் கேப்பாங்க? ‘வீட்டுல கோவமா இருக்காங்க’ம்பாங்க. கூரையா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்? பேரைச் சொல்லக் கூச்சம், வீடுங்கிறாங்க. அந்தம்மாவுக்குக் குளிருது. உன்னை வாங்குறாரு. அவ்வளவுதான்.”

“அப்போ நான் போர்வை ஆகப் போறேனா?”

“சால்வைன்னே வெச்சுக்கயேன். தோள் மேல.”

கம்பளி அன்று முழுதும் ‘தோள், தோள்’ என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தது. தோள் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. ஆட்டுக்கு முதுகுதான் உண்டு.

வாங்க வந்தவர் பெயர் மாசிலாமணி. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மேஸ்திரி. ஜீப்பில் மூட்டையை ஏற்றிக்கொண்டுபோய், மலைச்சரிவில் தனியாக நின்ற ஒரு தகரக் கூரைக் கட்டடத்தின் வாசலில் இறக்கினார். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். தலையில் மப்ளர், ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், காலில் அவருடைய சாக்ஸ்.

“அன்னம், இதுதான் நான் சொன்னது” என்றார் மாசிலாமணி.

இவள்தான் வீடு என்று கம்பளி புரிந்துகொண்டது. அன்னக்கொடி என்று முழுப்பெயர். அடிவாரத்தையும் தாண்டிக் கீழே, வெயில் ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து ஒன்பது மாதம்.

அவர்கள் கம்பளியைச் சோடாத் தண்ணீரில் அலசினார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க வெங்காரம் கலந்த தண்ணீரில் ஊறப் போட்டார்கள். வெயில் எட்டிப் பார்த்த பகல்களில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்தார்கள். அன்னக்கொடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பளியிலிருந்த முள்ளையும் புல்விதையையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பிறகு பிய்த்துப் பிய்த்து உதறினாள். கம்பளிக்குக் கல்யாணத்துக்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதுபோல் இருந்தது.

“ஏங்க, இதுக்கு ஒரு ஆட்டையே வாங்கியாந்து கட்டியிருக்கலாம். வாடையாவது அப்பப்ப எந்திரிச்சு வெளிய போயிட்டு வரும்.”

“காஞ்சாப் போயிரும், அன்னம்.”

“எது போயிரும்? வாடையா, நானா?”

மாசிலாமணி சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

“வெளையாட்டுக்குச் சொல்லலைங்க. செவத்துல கைய வெச்சா பாம்பைத் தொட்ட மாதிரி இருக்கு. எனக்கு மூச்சு இழுக்குது. இதுவும் சரியா வரலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிருவேன்.”

“போயிட்டு எப்ப வருவ?”

“உங்க ஊருக்கு வெயிலு வரட்டும், வர்றேன்.”

அந்த ஊருக்கு வெயில் வந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. மாசிலாமணி காலி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

இவள் போகக்கூடாது என்பது கம்பளிக்குப் புரிந்தது. ஆனால் ‘அக்கா வீடு’ புரியவில்லை. வீடு என்றால் சம்சாரம். அப்படியானால் அக்காவின் சம்சாரமா? அக்காவுக்கு எப்படிச் சம்சாரம்? கேட்கலாமென்றால் கத்தரி பக்கத்தில் இல்லை.

அடுத்த வாரம் சூசை ஆசாரி வந்தார். கூடவே நீள நீளமான பலகைகள் வந்தன. வடக்குச் சுவரை ஒட்டி, நாலு விரல் இடைவெளி விட்டு, அவர் பலகைகளைக் கீழிருந்து மேலாக அடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பலகை ஏறியதும், “ம், குடுங்க” என்று கையை நீட்டினார். மாசிலாமணி கம்பளியை வாரி வாரிக் கொடுத்தார். ஆசாரி அதை இடைவெளிக்குள் திணித்தார்.

“அங்க இல்ல! நான் வீட்டுக்கு வந்தவ!” என்று கம்பளி கத்தியது. கம்பளி கத்தினால் வெளியே கேட்காது. அதன் குணமே சத்தத்தை விழுங்கிக்கொள்வது.

கடைசிப் பலகையும் ஏறியது. இருட்டு.

“மன்னிச்சுக்கங்க” என்று இருட்டைப் பார்த்துக் கம்பளி சொன்னது. “வழி மாறி வந்துட்டேன். என்னை வீட்டுக்குன்னு வாங்கினாங்க.”

“அப்போ சரியாத்தான் வந்திருக்க. நான்தான் வீடு” என்று ஒரு கனத்த குரல் கேட்டது. அது சுவர்.

மேலேயிருந்து தகரக் கூரை கடகடவென்று சிரித்தது. “கேட்டீங்களா கதைய! மழை பேஞ்சா அடி வாங்குறது யாரு? நானு. நான் இல்லைன்னா உன்னை வீடும்பாங்களா? காம்பவுண்டும்பாங்க.”

“இன்னிக்கு வந்தவன் பேசுறேன்னு நெனைக்காதீங்க” என்று பலகை ஆரம்பித்தது. புதுப் பலகை, இன்னும் மரவாடை போகவில்லை. “ஆசாரி இப்ப என் முதுகுல தட்டி, ‘இதோட வீடு முடிஞ்சுது’ன்னாரே. முடிச்சது யாரு? நான்தானே?”

கம்பளிக்குத் தலை எது கால் எது என்று ஏற்கனவே தெரியாது. இப்போது இன்னும் குழம்பியது.

“வீட்டுக்கு மூச்சு இழுக்குமா?” என்று மெல்லக் கேட்டது.

சுவர் கூரையைப் பார்த்தது, கூரை பலகையைப் பார்த்தது.

“வீட்டுக்கு அக்கா இருக்காங்களா?”

“அக்கா கெடையாது” என்றது சுவர், யோசித்து. “பின்னால ஒரு கக்கூஸ் இருக்கு. எனக்கு அப்புறம் கட்டுனது. தம்பின்னு வேணா சொல்லலாம்.”

“இங்க எனக்கு என்ன வேலை?”

“வேலையா? சும்மா இருக்கணும்” என்றது பலகை.

“சும்மாதானே ஆறு மாசம் சாக்குல இருந்தேன்! சும்மா இருக்கிறதுக்கா அவ்வளவு குளிப்பாட்டினாங்க?”

கூரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, அதாவது திரும்ப முயன்று ஒரு சத்தம் மட்டும் போட்டது.

கீழேயிருந்து இரண்டாவது பலகையில் ஒரு கணு உதிர்ந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதன் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அங்கே கிடந்த கம்பளி இழைகள் எட்டிப் பார்த்தன. அறை தெரிந்தது. கட்டில் தெரிந்தது. கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அன்னக்கொடி உட்கார்ந்திருந்தாள்.

“அதோ வீடு!” என்று கீழ் இழை மேல் இழைக்குச் சொன்னது. மேல் இழை அதற்கும் மேலே சொன்னது. அவ்வளவுதான். கம்பளி மொத்தமும் அந்த ஓட்டையை நோக்கி இறங்க ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை. சரிந்து, அமுங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பத்தாம் நாள் முழுக் கம்பளியும் அடியில் குவிந்துவிட்டது. அதன் ஒரு சுருள் ஓட்டைக்கு வெளியே அறைக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அவள் தோளைத் தொட்டுவிடலாம்.

ஆனால் அவள் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.

“முன்னைக்கு இப்பத்தான் ஜாஸ்தியா குளிருது” என்றாள் அவள் ஒரு காலையில். “மேலயிருந்து ஊசியா எறங்குது. நான் அக்காவுக்குப் போன் போட்டுட்டேங்க. ஞாயித்துக்கிழமை பஸ்ஸு.”

மாசிலாமணி தட்டிலிருந்த இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தூளாக்கினார். வாயில் போடவில்லை.

கம்பளிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டேனே, பின் ஏன் இவளுக்கு முன்னைவிடக் குளிர்கிறது?

மாசிலாமணி போன் செய்ததும் ஆசாரி வந்தார். அது வெள்ளிக்கிழமை. விரல் மடக்கிப் பலகையைக் கீழே தட்டினார், தொத் தொத் என்றது. மேலே தட்டினார், டொங் டொங் என்றது.

“மேல காலிங்க. சரக்கு பூரா கீழ சரிஞ்சு கெடக்கு. யாரோ சொன்னாங்கன்னு ஆட்டு மசிரை நம்புனீங்க பாருங்க, அண்ணே. நாளைக்கு விடிஞ்சதும் வர்றேன். பிரிச்சு எடுத்துக் குப்பையில போட்டுட்டு தெர்மாகோலைச் சொருகிருவோம்.”

“நாளன்னிக்கு அவ பஸ்ஸு, ஆசாரி.”

“அதான் நாளைக்கே வர்றேங்கிறேன்.”

அவர் போன பிறகு, காலியாக இருந்த மேல் இடைவெளியில் விசில் சத்தம் கேட்டது. கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்து வழியாகக் காற்று குஷியாக உள்ளே வந்தது.

“நீதானா அந்தக் கம்பளி?” என்றது காற்று. “உனக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். நீ ஒதுங்கி வழி விட்டது நல்லதாப் போச்சு. இப்பல்லாம் பலகைச் சந்துல பூந்து நேரா அவ கழுத்துக்குத்தான் போறேன். மப்ளருக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கு, பாத்திருக்கியா?”

“இல்ல” என்றது கம்பளி.

“ஒரு கடுகு அளவுதான். இந்தா, தொட்டுட்டு வந்துர்றேன்.”

போனது. உள்ளே அன்னக்கொடி இருமினாள். திரும்பி வந்தது.

“நீ அந்த ஓட்டையில கண்ணை வெச்சுப் பாத்துக்கிட்டே இரு. நான் தொட்டுட்டுத் தொட்டுட்டு வர்றேன்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு வெளியே ஓடியது.

கம்பளிக்கு வந்தது ஞானம் ஒன்றும் இல்லை, வெறும் பொறாமை. இவன் தொடுவதா? ஆனால் இவனைத் தடுக்கவேண்டுமானால் மேலே போகவேண்டும். மேலே போனால் ஓட்டை கைவிட்டுப் போகும். ஓட்டை போனால் அவளைப் பார்க்க முடியாது. பார்க்காமல், யாருக்காக நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்? கம்பளி அன்று மதியம் வரை இதையே சுற்றிச் சுற்றி யோசித்தது. சுருளாகப் பிறந்ததற்கு நேராக யோசிக்க வராது.

மதியம் பனிமூட்டம் இறங்கியது. ஈரம் சந்து வழியாக உள்ளே கசிந்தது. சுவருக்குச் சிலிர்த்தது. பலகை, “ஐயோ, நான் ஊறிடுவேன்” என்று அழுதது.

“எனக்குக் குடு” என்றது கம்பளி.

அது ஈரத்தைக் குடித்தது. குடிக்கக் குடிக்க அமுங்கியிருந்த சுருள்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வெளியே நீட்டியிருந்த சுருளைக் கம்பளி உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியாக ஒருமுறை ஓட்டை வழியாகப் பார்த்தது. அன்னக்கொடி மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த ஓட்டைக்குத் தன் முதுகைத் திருப்பிக்கொண்டது.

ஆசாரி பலகையின் ஒரு பக்கம் மட்டும்தான் இழைத்திருந்தார். சுவரைப் பார்த்த பக்கம் செதில் செதிலாக அப்படியே இருந்தது. அந்தச் செதிலில் முதல் சுருள் மாட்டியது. அதன்மேல் ஏறி இன்னொன்று அடுத்த செதிலில் மாட்டியது. மெல்லிய கம்பளி என்றால் வழுக்கியிருக்கும். இது முரடு. விரற்கடை விரற்கடையாக ஏறியது.

“எங்க போற?” என்றது சுவர்.

“தெரியல” என்றது கம்பளி. “வீட்டுக்குத்தான் போறேன். ஆனா வீட்டை விட்டுத் தள்ளித் தள்ளிப் போறேன்.”

“உன் பேச்சு எனக்குப் புரியல.”

“எனக்கும்தான்.”

கூரையைத் தொடும்வரை ஏறி, நாலு விரல் இடைவெளி முழுவதையும் அடைத்துக்கொண்டு, அது நின்றது. காற்று வழக்கம்போல் விசிலடித்துக்கொண்டு வந்தது. முட்டியது. வலது பக்கம் போனது, ஒரு சுருள். இடது பக்கம் போனது, இன்னொரு சுருள். வளைந்தது, நெளிந்தது, நூறு சுருளுக்குள் நூறு துண்டாக மாட்டிக்கொண்டது.

“ஏய், விடு! என்னை எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்க?”

“நான் பிடிக்கலையே. நில்லுன்னுதான் சொல்றேன்.”

“நின்னா நான் காத்தே இல்ல!”

“அப்போ என்ன?”

காற்று யோசித்தது. அதற்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அது எங்கேயும் நின்று பார்த்ததில்லை. முதலில் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு கொஞ்சம் அடங்கியது. கம்பளியின் மடிப்புக்குள் அதன் குளிர் மெல்லக் குறைந்தது.

“உனக்காவது தெரியுமா? வீடுன்னா யாரு?” என்று கம்பளி கேட்டது.

“என்னைக் கேக்குற பாரு. நான் வீடு வீடா நுழைஞ்சிருக்கேன். ஒண்ணுலயும் இருந்ததில்ல” என்று தூக்கக் குரலில் சொன்னது காற்று. பிறகு அப்படியே தூங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை ஆசாரி கடப்பாரையும் தெர்மாகோல் கட்டுமாக வந்தார். பலகையைப் பிரிப்பதற்கு முன், எங்கிருந்து நெம்புவது என்று பார்க்க ஒருமுறை தட்டினார்.

தொத்.

மேலே தட்டினார். தொத். இன்னும் மேலே, கூரையோரம். தொத் தொத்.

“அண்ணே, நேத்து யாரு இதை ஏத்துனது?”

“யாரு ஏத்துனா? நான் கையே வெக்கலையே.”

“அப்போ சரக்கு தானா ஏறிச்சா? ஆடுதான் மலை ஏறும், மசிருமா ஏறும்?” ஆசாரி உள்ளங்கையைப் பலகையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கன்னத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிக்கொண்டார்.

“என்ன செய்ய? பிரிக்கவா, விட்டுரவா?” என்றார் மாசிலாமணி.

“என்னைக் கேட்டா? வீட்டுல கேளுங்க.”

சுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானது. கூரை ஆடாமல் நின்றது. தன்னைத்தான் முதலில் கேட்பார்கள் என்று பலகை விறைத்துக்கொண்டது. கம்பளி மட்டும், யார் பதில் சொல்லப் போகிறார்கள் என்று தெரியாமல், பிடித்திருந்த காற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு காத்திருந்தது.

மாசிலாமணி சுவரைக் கேட்கவில்லை. கூரையைக் கேட்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, “அன்னம்” என்று கூப்பிட்டார். “ஆசாரி கேக்குறாரு. பிரிச்சு மாத்தவா? அப்புறம்… நாளைக்குப் பஸ்ஸு எத்தனை மணிக்கு?”

அன்னக்கொடி முறம் நிறையப் பூண்டோடு வந்தாள். இருவரையும் பார்த்தாள். ஆசாரி கை வைத்திருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். காலால் பாயைத் தள்ளிக்கொண்டு போய் வடக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கழுத்திலிருந்த மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்தாள். பலகையில் முதுகை நன்றாகச் சாய்த்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, பூண்டை உரிக்க ஆரம்பித்தாள்.